கண்ணாடியைக் கழற்றியவர்கள்

ஆட்களை நாற்காலியில் இருத்தி, "கடைசி வரி தெரியுதா?" என்று கேட்பதுதான் என் உத்தியோகம், "தெரியுது" என்று சொல்பவர்களில் பாதிப் பேர் ஊகித்துத்தான் சொல்கிறார்கள் என்பதை வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையிலேயே கண்டுபிடித்துவிட்டேன்.

சண்டைக்காலத்தின் கடைசிப் பகுதி அது. வெள்ளவத்தையில் காலி வீதி என்ற பெருந்தெருவிலிருந்து கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், லேசர் கண் சிகிச்சை நிலையம் ஒன்றைத் திறந்திருந்தார்கள். டொக்டர் லேசர் பிடிப்பார். பாணந்துறையிலிருந்து வரும் குமாரி என்ற தாதி நோயாளியின் கையைப் பிடிப்பாள். அவள் சிங்களப் பெண், ஆனால் தமிழில் என்னைவிட வேகமாகக் கதைப்பாள். கண்ணை அளந்து கொடுப்பது நான்.

கண்ணாடி போட்ட வாசகர்களே, உங்களுக்கு நான் எதையும் விளக்கத் தேவையில்லை. மழையில் துடைத்துத் துடைத்து நடந்தவர்கள் நீங்கள். பிளேன்டீ ஆவியில் குருடானவர்கள். கட்டிலுக்குக் கீழே விழுந்த கண்ணாடியைத் தேட இன்னொரு கண்ணாடி இல்லாமல் தவித்தவர்கள். கருவிழியின் மேல் படலத்தை மூடி திறப்பதுபோலத் திறந்து, உள்ளே லேசரால் கொஞ்சம் செதுக்கி, திரும்ப மூடிவிட்டால் இதெல்லாம் தீர்ந்துவிடும் என்று ஒருவர் சொன்னால் உங்களுக்கு எப்படி இருக்கும்? எங்கள் வாசலில் காலையிலேயே ஆட்கள் வந்து நிற்பார்கள்.

பிந்திய மணிக்கூடு

இயந்திரம் வந்த புதிதில் செய்துகொண்டவர் கொட்டாஞ்சேனை ஸ்டெல்லா டீச்சர். அவவின் கண்ணாடிக்குப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வைத்த பெயர் "சோடாப் போத்தல்". மேசையில் படுத்ததிலிருந்து எழும்பும்வரை மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தா. லேசர் டிக் டிக் என்று அடிக்க மாதாவின் பெயரும் அதே வேகத்தில் வந்தது.

முடிந்ததும் டொக்டர் அவவை எழுப்பி இருத்தி, எதிர்ச் சுவரைக் காட்டினார். அங்கே ஒரு மணிக்கூடு. டொக்டர், குமாரி, நான், மூன்று பேருமே அவவின் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றோம். டீச்சர் சுவரைப் பார்த்தா. குனிந்து தன் கைக்கடிகாரத்தைப் பார்த்தா. திரும்பவும் சுவரைப் பார்த்தா. டொக்டருக்கு நெற்றியில் வியர்த்துவிட்டது. "என்ன டீச்சர், தெரியேல்லையா?" என்று நான் கேட்டேவிட்டேன்.

"தெரியுது பிள்ளை, உங்கட மணிக்கூடு அஞ்சு நிமிஷம் பிந்துது."

குமாரி கைதட்டிக் கூவியதில் வெளியே காத்திருந்தவர்கள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்துவிட்டார்கள்.

இது நீயா?

ரமணன் யாழ்ப்பாணத்துப் பெடியன். வெள்ளவத்தையில் லொட்ஜில் இருந்துகொண்டு கொட்டாஞ்சேனையில் ஒரு கணக்காளரிடம் வேலை. முகத்தில் பாதியை மறைக்கும் கறுப்புச் சட்டக் கண்ணாடி. அதைப் போட்டுக்கொண்டுதான் அடையாள அட்டைக்கும் படம் எடுத்திருந்தான். லேசர் செய்து பார்வை அபாரமாக வந்தது. பழைய கண்ணாடியை எங்களிடமே தந்துவிட்டுத் துள்ளிக்கொண்டு போனான்.

சில நாளில் பொலிஸ் நிலையத்திலிருந்து தொலைபேசி வந்தது. காலி வீதியில் பஸ்ஸை மறித்து எல்லாரையும் இறக்கிச் சோதித்திருக்கிறார்கள். ஆமிக்காரன் அட்டையைப் பார்த்து, இவனைப் பார்த்து, "மேக்க ஒயாத?" என்று கேட்டிருக்கிறான். இது நீயா என்று அர்த்தம். இவன் "ஓம்" என்று சொன்னதை அவன் நம்பவில்லை. பொலிசுக்குக் கொண்டுபோய் இருத்திவிட்டார்கள். அந்த நாட்களில் அப்படி இருத்தப்பட்டவர்கள் எப்போது வெளியே வருவார்கள் என்று யாருக்கும் தெரியாது. குமாரி தொலைபேசியில் சிங்களத்தில் எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். கண்ணுக்குள் லேசர் அடித்துக் கண்ணாடியைக் கழற்றிவிட்டோம் என்ற கதையை அங்கே ஒருவரும் ஏற்கவில்லை. பழைய கண்ணாடிகள் போடும் பெட்டியைக் கவிழ்த்து ரமணனுடையதைத் தேடி எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் ஓடினோம்.

பொலிஸ் பெரியவர் அவன் மூக்கில் கண்ணாடியை வைத்தார். அட்டையைப் பார்த்தார். சிரித்துவிட்டார். "ஹரி ஹரி, யண்ட" என்று போகச் சொன்னார். ரமணன் சந்தோஷத்தில் கும்பிடப் போய், கண்ணாடியோடு ஒன்றும் தெரியாமல் அவருடைய தேத்தண்ணிக் கோப்பையைத் தட்டி ஊற்றினான். அதற்குப் பிறகு அந்தக் கண்ணாடியைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். அடுத்த முறை கண் காட்ட வந்தபோது சொன்னான்:

"அக்கா, இதைப் போட்டா எனக்குச் செக்பொயின்ட் தெரியுதில்லை, போடாட்டிச் செக்பொயின்டுக்கு என்னைத் தெரியுதில்லை."

முடியாது என்று சொன்ன கண்

எல்லாக் கண்ணும் லேசருக்குச் சரிவராது. கருவிழி மெல்லிசாக இருந்தால் தொடக்கூடாது. யோகா ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வந்து, காலி வீதிச் சேலைக்கடை ஒன்றில் வேலை செய்த பெண். பெண் பார்க்க வருகிறவர்கள் கண்ணாடியைப் பார்த்துவிட்டுத் தேத்தண்ணியோடு எழும்பிப் போவதாக அவளுடைய அம்மா சொன்னா. நான் அளந்தேன். மெல்லிசு. பிழையாக இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு திரும்பவும் அளந்தேன். அதே மெல்லிசுதான். டொக்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். அவள் அழவில்லை. "அப்ப காலத்துக்கும் இதுதானுங்களா மிஸ்?" என்று மட்டும் கேட்டாள். நான் அவளுடைய கண்ணாடியைத் துடைத்துக் கையில் கொடுத்தேன்.

சில மாதங்களுக்குப் பிறகு ஒரு பின்னேரம் கதவு திறந்தது. யோகா! கழுத்தில் புதுத் தாலி. பக்கத்தில் அவளுடையதைவிடத் தடித்த கண்ணாடியோடு ஒரு மாப்பிள்ளை. அவருக்குச் செய்யலாமா என்று பார்க்க வந்திருந்தார்கள். அளந்தேன். பொன்னான கருவிழி, தாராளமாகச் செய்யலாம்! நான் உற்சாகத்தில் நாள் குறிக்கப் போக, யோகா என்னை மூலைக்கு இழுத்துக்கொண்டு போய் மெதுவாகச் சொன்னாள்:

"வேணாங்க மிஸ், இந்தக் கண்ணாடியோட பாத்துத்தான் என்னைய புடிச்சிருக்குன்னாரு, நல்லா தெரிஞ்சப்புறம் வேற மாதிரி சொல்லிட்டாருன்னா?"

ரெண்டடி தூரம்

மருதானையில் துணிக்கடை வைத்திருந்த ஹாஜியாருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. தூரத்தில் இருப்பது தெரிய லேசர் செய்தால் கிட்டப் பார்ப்பதற்குக் கண்ணாடி தேவைப்படும், அது வயதின் வேலை என்று டொக்டர் சொன்னார். நான் சொன்னேன். குமாரியும் சொன்னாள். அவர் மூன்று பேருக்கும் தலையாட்டினார். செய்து முடித்து, கடை வாசலில் நின்றபடியே ஸ்டேஷன் மணிக்கூட்டில் நேரம் பார்க்கிறேன் என்று எங்களுக்கு ஒரு பெட்டி தொதல் இனிப்பு அனுப்பினார்.

அடுத்த கிழமை ஆளே வந்துவிட்டார். ரோட்டில் வரும் கஸ்டமர் தெரிகிறாராம், கையில் இருக்கும் துணியின் நூல் தெரியவில்லையாம். முன்பு கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கிட்ட வைத்துப் பார்த்தால் பளிச்சென்று தெரிந்ததாம். அது உண்மை. கிட்டப்பார்வைக்காரருக்கு ஆண்டவன் கொடுத்த ஒரே சலுகை அதுதான். அதை நாங்கள் செதுக்கி எடுத்துவிட்டோம். டொக்டர் வந்து திரும்பவும் விளக்கினார். ஹாஜியார் நான் கொடுத்த வாசிக்கும் கண்ணாடியை வாங்கி மூக்கில் வைத்துப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார்.

"சரி தங்கச்சி, இப்ப பொஞ்சாதிட முகத்தப் பாக்கவும் ரெண்டடி தள்ளி நிக்க வேண்டி ஈக்கிது, அவவுக்கு அதுதான் நல்லமாம்."

தினமும் திருவிழா

கல்கிசையில் ஸ்கூல் வேன் ஓடும் சுனிலுக்குப் பகல் பார்வை பளிங்கு. பொழுதுபட்டால் மட்டும் எதிரே வரும் ஒவ்வொரு விளக்கையும் சுற்றி ஒரு வளையம். சிலருக்கு அப்படி வருவதுண்டு. நாளடைவில் குறைந்துவிடும். அதுவரை பின்னேரம் வேன் ஓடவேண்டாம் என்று சொல்லி மருந்து கொடுத்தோம். சோர்ந்துபோவார் என்று நினைத்தேன். அவரோ மனைவியைக் கூட்டிக்கொண்டு போய்க் காலி வீதி விளக்குகளைப் பார்த்து ரசித்திருக்கிறார். தனக்கு இப்போது ஒவ்வொரு நாளும், தெருவெல்லாம் விளக்குக்கூடு தொங்கும் வெசாக் பண்டிகை என்பதை வாயெல்லாம் பல்லாக இப்படிச் சொன்னார்:

"மிஸ், மட்ட தென் ஹெமதாம வெசாக்!"

கண்ணாடி போட்ட மிஸ் எங்கே?

ஊருக்கெல்லாம் செய்துவிட்டு, பள்ளிக்கூடக் காலத்திலிருந்து கண்ணாடி போட்ட நான் சும்மா இருக்க முடியுமா? எனக்கும் டொக்டர் செய்தார். அடுத்த நாள் பின்னேரம் ரயில் பாதையைக் கடந்து கடற்கரைக்குப் போனேன். அதுவரை கடல் எனக்கு ஒரு சத்தம், ஒரு நீலப் பூச்சு, அவ்வளவுதான். அன்றைக்கு ஒவ்வொரு அலையும் தனித்தனியாக எழும்பி விழுந்தது. தூரத்தில் துறைமுகத்துக்குக் காத்து நிற்கும் கப்பல்கள். கப்பலில் ஏணி! நான் வாய்விட்டுக் கத்தினேன். கச்சான் கடலை விற்றவர் திரும்பிப் பார்த்தார். அவருடைய சட்டையில் ஒரு பொத்தான் இல்லை என்பதும் தெரிந்தது.

திரும்ப வேலைக்குப் போன முதல் நாள், தலை நிமிர்த்தி, வெறும் மூக்கோடு அறைக்குள் நுழைந்தேன். முந்தி என்னிடம் கண் அளந்துகொண்டு போயிருந்த ஒரு அம்மா நாற்காலியில் இருந்தா. என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சொன்னா:

"நீங்கள் வேணாம் பிள்ளை, அந்தக் கண்ணாடி போட்ட மிஸ்ஸைக் கூப்பிடுங்கோ, அவவுக்குத்தான் எங்கட கஷ்டம் விளங்கும்."

சிவப்பு வெளிச்சம்

மேசையில் படுத்ததும் நோயாளி செய்யவேண்டியது ஒன்றுதான். மேலே தெரியும் சிறிய சிவப்பு வெளிச்சத்தை அசையாமல் பார்க்கவேண்டும். ஹெவ்லொக் டவுனிலிருந்து வந்த சிவமலர் அக்காவுக்கு வங்கியில் வேலை. சரியான பயந்தவ. கண்ணுக்குச் சொட்டு மருந்து விடும்போதே குமாரியின் கையை இறுக்கிப் பிடித்து நகத்தடம் பதித்துவிட்டா. "எது நடந்தாலும் அந்தச் சிவப்பு வெளிச்சத்தையே பாருங்கோ அக்கா" என்று நான் சொன்னேன். முதல் கண் முடிந்தது. இரண்டாவது கண்ணைத் திறந்து லேசர் அடிக்கத் தொடங்கியபோது வெளியே பெரிய வெடிச்சத்தம். ஜன்னல்கள் அதிர்ந்தன. டொக்டரின் கால் மிதியை விட்டது, இயந்திரம் நின்றது. குமாரியும் நானும் நிலத்தில். டொக்டரும் மேசை ஓரத்தில் குந்திவிட்டார். அந்த அமைதியில் மேலேயிருந்து ஒரு குரல் வந்தது: "டொக்டர், நான் பாத்துக்கொண்டுதான் இருக்கிறன்." டொக்டர் எழும்பி, கையுறை மாற்றி, மிச்சத்தை முடித்தார்.

வீதியை மூடிவிட்டார்கள். தொலைபேசி வேலை செய்யவில்லை. அந்த நேரம் அக்காவின் மகன் வகுப்பு முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருக்கவேண்டும். எந்தப் பஸ், எங்கே என்று ஒன்றும் தெரியாது. அக்கா பாதுகாப்புக் கண்ணாடியோடு வாசலில் வந்து நின்றா. படுக்கச் சொன்னோம், கேட்கவில்லை. அழக்கூடாது என்று டொக்டர் சொன்னதற்காக அழாமல் நின்றா. ஆட்கள் ஒழுங்கையால் ஓடிவந்துகொண்டிருந்தார்கள். லேசர் செய்த கண் இருந்தும், பதற்றத்தில் எனக்கு எல்லாம் ஒரே கும்பலாகத்தான் தெரிந்தது. திடீரென்று அக்கா என் தோளைப் பிடித்து உலுப்பினா. "அந்தா! என்ர மகன்! நீலச் சேட்டு!" காலி வீதி முனையில் அப்போதுதான் ஒரு நீலப் புள்ளி திரும்பியிருந்தது. காலையில் கண்ணாடியைக் கழற்றியபோது எதிரே நின்ற என் முகமே சரியாகத் தெரியாமல் இருந்த மனுஷி அவ! குமாரி அழுதாள், நான் அழுதேன், டொக்டர் மூக்கைச் சீறிக்கொண்டு உள்ளே போனார்.

அடுத்த நாள் பரிசோதனைக்கு வந்து, கடைசி வரியை ஊகிக்காமல் வாசித்தா. அவ்வளவு பயந்தவ, வெடிச்சத்தத்துக்கு எப்படி அசையாமல் கிடந்தா என்று கேட்டேன்.

"என்ன செய்யிறது பிள்ளை, நீங்கள் மூண்டு பேரும் கீழ போயிட்டீங்கள், ஆராவது ஒராள் அந்தச் சிவப்பு லைட்டைப் பாக்கத்தானே வேணும்?"

இத்தனை பேரின் கண்ணாடியைக் கழற்றிய எங்களிடம் நன்றி சொல்ல வந்தவர்களைவிடக் குறை சொல்ல வந்தவர்களே அதிகம் என்றாலும், அவர்கள் எல்லாரும் ஒழுங்கை முனையிலிருந்தே என்னை அடையாளம் கண்டு கையைக் காட்டிக்கொண்டுதான் வந்தார்கள்.