இரண்டு கார்டுக்கு ஒரு பவர் சப்ளை

அன்று ராபர்ட்சன்பேட்டையில் அந்தக் கம்ப்யூட்டர் கடையில் இருந்தது நான்கு பேர். நான், என் மகள், கடைக்காரர், பிறகு எங்கள் பக்கத்து வீட்டு அண்ணன். அண்ணன் தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். கம்ப்யூட்டருக்கும் அவருக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் அவர் வந்தே ஆக வேண்டும். சுரங்கக்காரர்களுக்குக் கட்டிய எங்கள் லைன் வீடுகளில் இரண்டிரண்டு வீட்டுக்குக் கம்பத்திலிருந்து ஒரே வயர்தான் வருகிறது. அயர்ன் போடுவதென்றால் நடுச்சுவரைத் தட்டிச் சொல்லிவிட்டுத்தான் போடுவோம். அந்தப் பக்கம் கிரைண்டர் ஓடினால் இந்தப் பக்கம் காத்திருப்போம். கரண்டு இழுக்கிற சாமான் எதை வாங்கினாலும் பக்கத்து வீட்டுச் சம்மதம் வேண்டும்.

மகள் பெங்களூரில் வேலைக்குப் போகிறாள். விடிவதற்கு முன்னால் ரயில், இருட்டிய பிறகு வீடு. அவளுக்கு இருக்கிற ஒரே ஆசை கம்ப்யூட்டரில் கேம் ஆடுவது. சீட்டுக் கட்டிச் சேர்த்த பணத்தில் ஆபீஸ் சிநேகிதியிடம் பழைய கிராபிக்ஸ் கார்டு இரண்டு வாங்கினாள். கேமில் படம் காட்டுவது அந்தக் கார்டுதானாம். இரண்டையும் ஜோடியாகப் போட்டால் அவள் ஆடுகிற பழைய கேம்கள் பறக்குமாம். ஒவ்வொன்றும் செங்கல் கனம். ரயிலில் மடியில் வைத்துக்கொண்டு வந்தாள்.

பவர் சப்ளை மட்டும் வாங்க வேண்டியிருந்தது. சுவரிலிருந்து வரும் கரண்டை வாங்கி உள்ளே எல்லாவற்றுக்கும் பிரித்துக் கொடுக்கிற பெட்டி. அது சரியில்லை என்றால் கார்டு இரண்டும் போய்விடலாம் என்று அவள் சொன்னதிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கார்டு போனால் அவள் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று ஒரு பயம். வீடு பற்றிக்கொள்ளுமோ என்று இன்னொரு பயம். நான் ஏழாவதோடு நின்றவள். வாட்ஸ் என்றால் பல்பில் எழுதியிருப்பது, அவ்வளவுதான் தெரியும்.

கடைக்காரர் இரண்டு பெட்டிகளை மேசைமேல் வைத்தார். ஒன்றில் எழுநூற்றைம்பது வாட்ஸ் என்று போட்டிருந்தது, இன்னொன்றில் ஆயிரம்.

“ஆயிரமா?” என்றார் அண்ணன். “அயர்ன் பாக்ஸே ஆயிரந்தான். அது பத்து நிமிசத்துல முடிஞ்சிடும். இது நாள் பூரா ஓடுமே. என் ஃபேன் இன்னா ஆவறது?”

“உங்க ஃபேன் இப்பவே சுத்தறதில்லியே மாமா,” என்றாள் மகள்.

“சுத்துது. மெதுவா சுத்துது.”

நானும் சின்னப் பெட்டியைத்தான் கையில் எடுத்தேன். எனக்கும் அவருக்கும் கணக்கு ஒன்றுதான். எழுதியிருப்பது எவ்வளவோ அவ்வளவு இழுக்கும்.

“அப்படி இல்லக்கா,” என்றார் கடைக்காரர். “ஆயிரம்னு போட்டிருக்கிறது அதால குடுக்க முடிஞ்சது. கார்டுங்க எவ்ளோ கேக்குதோ அவ்ளோதான் இழுக்கும். சும்மா படம் பாத்தா கொஞ்சந்தான். கேம் ஆடறப்போ அறுநூறு, அறுநூத்தம்பது வரும். பெட்டி எதுவா இருந்தாலும் அதேதான்.”

“அப்போ கேஜ் மாதிரி,” என்றார் அண்ணன். சுரங்க ஷாஃப்டில் ஆட்களை இறக்குகிற கூண்டைச் சொன்னார். “இவ்ளோ பேர் ஏறலாம்னு எழுதிக்கீது. மூணு பேர் ஏறினா மூணு பேர் கனந்தான்.”

“அதேதாங்க.”

“இத மொதல்லியே சொல்றதுதானே.”

எனக்கு அப்போதும் மனசு ஆறவில்லை. மகள் சின்னப் பெட்டியின் பின்பக்கத்தைப் படித்தாள். “இதுல கார்டுக்குப் போற வயர் ரெண்டுதான் இருக்கு. எனக்கு நாலு வேணும். ஒரு கார்டுக்கு ரெண்டு. பெருசுல நாலு இருக்கு.”

“பிரிக்கிற வயர் கீது, ஒண்ண ரெண்டா ஆக்கிக்கலாம்,” என்றார் கடைக்காரர். “நெறைய பேர் போடறாங்க. ஆனா ரெண்டு கார்டும் முழுசா ஓடினா வயர் சூடாவும். அத மறைச்சு விக்க மாட்டேன்.”

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். ஒரே வயரில் இரண்டு வீடு ஓட்டுவது என்னவென்று எங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். கோடையில் கம்பத்தடியில் வருகிற ரப்பர் வாடை, கருகின ஃபியூஸ் கட்டை, புழுக்கத்தில் இரண்டு வீட்டு ஜனமும் தெருவில் நிற்பது. அந்த வாடையை நானே காசு கொடுத்து அவள் கார்டு பக்கத்தில் கொண்டுபோய் வைப்பதா?

“பெருசையே குடுங்க,” என்றேன்.

“அம்மா, எங்கிட்ட ஏழாயிரந்தான் இருக்கு. அது பதிமூணாயிரத்து ஐந்நூறு.”

“தெரியும். சும்மா இரு.”

கடைக்காரர் வீட்டுக்கு ரவிக்கை தைப்பது நான்தான். மீதியைக் கூலியில் கழித்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்தார், சரி என்றார். அண்ணன் மகளிடம் திரும்பி, “கேம் போடறதுக்கு முன்ன சுவத்த தட்டணும், இப்பவே சொல்லிட்டேன்,” என்றார்.

“தட்டறேன் மாமா.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மாட்டி முடித்தாள். கார்டு இரண்டும் விசிறி சுற்ற ஓடின. நான் பின்னால் நின்று வயரைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன். பெரிதாகச் சுடவில்லை. அரை மணி நேரம் ஆடியிருப்பாள். பிறகு நாற்காலியிலேயே தலை சாய்ந்து தூங்கிவிட்டாள். வாரம் முழுக்க ரயிலில் நின்றுகொண்டே போய் வருகிற உடம்பு. எழுப்ப மனசு வரவில்லை. பிளக்கைப் பிடுங்கவும் பயம். எதையாவது பிடுங்கி எதுவாவது போய்விட்டால்? அவள் எழும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன்.

வயர் பற்றிய பயம் கொஞ்சம் விட்டது. இப்போது கடைத்தெருவுக்குப் போனால் அந்தக் கடை இருக்கிற பக்கம் நடப்பதில்லை. கண்ணும் முன்போல இல்லை, ரவிக்கைக்கு ஊக்கு வைக்க நேரம் பிடிக்கிறது. இதுவரை கூலியில் கழிந்தது போக இன்னும் நாலாயிரத்து முந்நூறு ரூபாய் தர வேண்டும்.