தவணை முடிந்த கல்

பீல் ஏரிக்கரையில் மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு காட்சியைப் பார்க்கலாம். தடித்த குளிர்ச்சட்டையைக் கழுத்துவரை இழுத்துப் பூட்டிக்கொண்டு, கண்ணை மூடி வெயிலுக்கு முகத்தைக் காட்டியபடி, சனங்கள் ஐஸ்கிறீம் சாப்பிடுவார்கள். வந்த புதிதில் எனக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தெரிந்தது. இப்போது நானும் அந்த வரிசையில் நிற்கிறேன். ஊரிலிருந்து சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது, இந்த வெயிலை நம்பாதீர்கள் என்பதுதான். யன்னலுக்குள் இருந்து பார்த்தால் மன்னார் வெயில் மாதிரியே இருக்கும். கதவைத் திறந்தால், 'பீஸ்' என்று இங்குள்ளவர்கள் பெயர் வைத்திருக்கும் வடகிழக்குக் காற்று காதைப் பிடித்துத் திருகும். மரங்களில் இலை இருக்காது. காலையில் பூத்த மஞ்சள் பூவின்மேல் மத்தியானம் பனி கொட்டும். படத்தில் கண்ட பச்சைப் புல்வெளிதான் வேண்டுமென்றால் யூன் மாதம் வாருங்கள்.

இதையெல்லாம் மச்சாளுக்கும் தொலைபேசியில் சொன்னேன். மச்சாள் என்றால் என் கணவர் அன்ரனின் அக்கா, பிலோமினா. மன்னாரில் இருக்கிறார், எழுபது தாண்டிவிட்டது. நான் சொன்னதையெல்லாம் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "யூன் மாதம் அவன் அங்க இருப்பானோ?" என்றார்.

அன்ரன் இறந்து இருபது வருடங்களாகிவிட்டன. இந்த நாட்டில் சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், புதைத்த குழிக்கும் தவணை உண்டு. தவணை முடிந்தால் நகரசபையிலிருந்து கடிதம் வரும். உள்ளே இருப்பவர்களைத் தொடாமல், மேலே உள்ள கற்களை மட்டும் எடுத்துவிட்டு நிலத்தைச் சமன்செய்து புல் விதைக்கப்போகிறோம், கல் வேண்டுமென்றால் ஏப்ரலுக்குள் வந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார்கள். உயிரோடு இருந்தபோது வருடா வருடம் விசாவைப் புதுப்பிக்க வரிசையில் நின்ற மனிதனுக்கு, மண்ணுக்குள் போன பிறகும் தவணையா என்று எனக்குக் கோபமாக வந்தது. இங்கே எல்லோருக்கும் இதே சட்டம்தான் என்பது தெரிந்தும் கோபம் அடங்கவில்லை.

அன்ரனின் அடக்கத்துக்கு மச்சாளுக்கு விசா கிடைக்கவில்லை. ஒவ்வொரு நவம்பரிலும் மரித்தோர் நாளில் பெற்றோரின் கல்லறையைக் கழுவி, வெள்ளையடித்து, அதன் ஓரத்தில் தம்பிக்கென்றும் ஒரு மெழுகுதிரி கொளுத்துவார். அவன் படுத்திருக்கிற இடத்தை ஒருமுறையாவது தன் கையால் கழுவிவிட வேண்டும் என்பதுதான் அவருக்கிருந்த ஒரே ஆசை. இந்த முறை விசா கிடைத்தது. மார்ச் நடுப்பகுதியில், காலுறைக்கு மேலே செருப்பும், பெட்டிக்குள் ஒரு பிடி தென்னந்தும்புமாக வந்து இறங்கினார்.

அடுத்த நாளே சேமக்காலைக்குப் போனோம். குழாயைத் திருகினால் சொட்டுத் தண்ணீர் இல்லை. குளிர் காலத்தில் குழாய் வெடித்துவிடும் என்று தண்ணீரை நிறுத்தியிருக்கிறோம் என ஒரு பலகை தொங்கியது. இருபது வருடமாக வந்துபோகும் நான் இதை எப்படி மறந்தேனோ தெரியாது. கோடையில் பூ வைக்க வருபவளுக்கு மார்ச் மாதத்துக் குழாய் எங்கே நினைவுக்கு வரும்.

"கழுவாமல் என்னெண்டு போறது?" என்றார் மச்சாள்.

"நாளைக்கு வீட்டில இருந்து கொண்டு வருவம்."

மறுநாள் எட்டுப் போத்தல்களில் சுடுதண்ணீர் நிரப்பி, துவாயால் சுற்றி, பஸ்ஸில் கொண்டுபோனோம். மச்சாள் முழங்காலில் இருந்து தும்பால் பாசியைத் தேய்த்தார். அது நிலத்தில் பதித்த சின்னக் கல்தான். அன்ரனின் பெயர், கீழே கொஞ்சம் வெறும் இடம். பாதி கழுவியிருப்போம், தோட்டக்காரர் ஒருவர் கையை ஆட்டிக்கொண்டு வந்தார். "நை, நை! கைன் வாசர்!" என்று எங்கள் காலடியைக் காட்டினார். தண்ணீர் ஊற்றக் கூடாதாம். இந்த நாட்டில் யார் அதட்டினாலும் முதலில் மன்னிப்புக் கேட்டே பழகியவள் நான். அன்றைக்கு மட்டும் வாய் வேறு விதமாகத் திறந்தது. கடிகாரத் தொழிற்சாலையில் வேலை செய்து நான் பழகிய ஜெர்மனில், இவர் இறந்தவரின் அக்கா, சிறிலங்காவிலிருந்து வந்திருக்கிறார், கழுவி முடித்த பிறகுதான் போவோம் என்றேன். அவர் என்னைப் பார்த்தார், மச்சாளின் செருப்பைப் பார்த்தார், விறுவிறுவென்று நடந்து போய்விட்டார்.

"பொலிசைக் கூப்பிடப் போறானோ?"

"கூப்பிட்டாக் கூப்பிடட்டும். நீங்கள் கழுவுங்கோ மச்சாள்."

திரும்பி வந்தவரின் கையில் ஒரு வாளி இருந்தது. உள்ளே குறுணிக்கல். நாங்கள் ஊற்றிய தண்ணீர் ஓடிப் பாதையில் கண்ணாடியாக உறைந்துகொண்டிருந்தது. மச்சாள் வழுக்கி விழுந்துவிடுவார் என்றுதான் அந்த மனிதர் கத்தியிருக்கிறார். செருப்பைச் சுற்றிக் குறுணிக்கல்லைத் தூவிவிட்டு, தலையசைத்துப் போனார். எனக்கு வெட்கமாக இருந்தது.

கழுவி முடித்து, மெழுகுதிரி கொளுத்திச் செபமும் சொன்ன பிறகு மச்சாள் கல்லைத் தட்டிப் பார்த்தார்.

"றீற்றா, இதை நான் கொண்டு போறன்."

"இது கல்லு மச்சாள்."

"பிளேனில எத்தினை கிலோ விடுவாங்கள்?"

"முப்பது."

அந்த வாரமே அதே தோட்டக்காரர் அலவாங்குக் கம்பி போட்டுக் கல்லைக் கிளப்பித் தந்தார். வீட்டுத் தராசில் இருபத்திரண்டு கிலோ காட்டியது. பிள்ளைகள் வாங்கிவைத்த சொக்கிலேற்றும் சொந்தக்காரர் கொடுத்த உடுப்பும் என் கட்டிலின்மேல் தங்கிவிட்டன. மச்சாள் தம்பியைத் துவாயில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்தார்.

ஏப்ரல் கடைசியில் பலகையைக் கழற்றிக் குழாயைத் திறந்துவிட்டார்கள். சேமக்காலையில் அந்த வரிசை முழுக்க வெறும் மண், புல் இன்னும் முளைக்கவில்லை. நான் எண்ணி வைத்திருந்தபடி, குழாயிலிருந்து பதினேழு அடி நடந்தால் அன்ரனின் இடம். வாளியை நிரப்பிக்கொண்டிருந்தபோது மன்னாரிலிருந்து மச்சாளின் அழைப்பு வந்தது. அம்மா அப்பாவின் கல்லறையோடு கல்லைப் பதித்து முடித்துவிட்டார்களாம்.

"அவன்ர பேருக்குக் கீழ இடம் கிடக்குது, றீற்றா. அது உனக்கு."

அங்கே கல்லின் கீழ் அவர் இல்லை, இங்கே அவருக்கு மேல் கல் இல்லை. தொலைபேசியைத் தோளில் இடுக்கியபடி பதினேழு அடி நடந்து, மண்ணில் தண்ணீரை ஊற்றத் தொடங்கினேன்.

"தண்ணிச் சத்தம் கேக்குது. எங்க நிக்கிறாய்?"

"உங்கட தம்பியிட்டத்தான் மச்சாள்."