ஒயரம்மா வெட்டிய ஒன்பது வினாடி

எங்கள் பள்ளிக்கூடத்தில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பிள்ளைகளுக்கு அவர் ஒயரம்மா. பிள்ளைகளைப் பார்த்து எங்களுக்கும் அதுவே பழகிவிட்டது. செவ்வாயும் வெள்ளியும் காலை எட்டரைக்கு ஒரு பழைய ஸ்கூட்டரில் வந்து இறங்குவார். தோளில் ஒரு பை. பைக்குள் ஒயர், அதற்கு மேலும் ஒயர், நடுவில் எங்கேயோ ஒரு டிபன் டப்பா. மூன்று பள்ளிகளுக்குச் சேர்த்து கல்வி அலுவலகம் நியமித்த ஒரே ஆள். புரொஜெக்டரையும் இணையத்தில் கிடைக்கும் வீடியோவையும் வைத்துப் பாடம் நடத்த ஆசிரியர்களுக்குச் சொல்லித்தர வேண்டும். சொல்லித்தருவது பெரிய விஷயமில்லை. கற்றுக்கொள்ள வேண்டியவர்கள் நாங்கள், அங்கேதான் வம்பு.

வரலாற்று ஆசிரியர் லென்ஸ் மூடியைக் கழற்றாமல் அரை மணி நேரம் சுவரோடு சண்டை போட்டவர். தமிழாசிரியை எரிமலையைக் காட்டப் போய், முதலில் வந்த ஷாம்பு விளம்பரத்தில் மாட்டிக்கொண்டார். வகுப்பு முழுவதும் அந்த விளம்பரப் பாட்டை ஒரே குரலில் பாடி முடித்தது. கணக்கு வாத்தியாரான நான் இந்தப் பெட்டியையே தொட மாட்டேன் என்று ஒற்றைக்காலில் நின்றவன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்பது ஊருக்கே தெரியும்.

ஒயரம்மாவுக்கு ஒரு வழக்கம் இருந்தது. சொல்லித்தரும்போது இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்வார். நாம் தப்பான பொத்தானை அமுக்குவோம், திரை நீலமாகும், வியர்க்கும். அவர் கை மட்டும் முன்னால் வராது.

“நீங்களே செஞ்சு குடுத்துட்டுப் போனா என்னம்மா? ரெண்டு நிமிஷ வேலை” என்று நான் ஒருநாள் எரிந்து விழுந்தேன்.

“என் கை பட்டா உங்க கை கத்துக்காது சார். புதன்கிழமை நான் வேற ஸ்கூல்ல இருப்பேன். அன்னிக்கு என்ன செய்வீங்க?”

இந்த வேலைக்கு வரும் முன் பன்னிரண்டு வருடம் ஒரு கல்யாண வீடியோ கடையில் வெட்டி ஒட்டும் வேலை பார்த்தவர். ஐந்து மணி நேரக் கல்யாணத்தை முக்கால் மணி நேரமாகச் சுருக்குவார். யாராவது பேசாமல் நின்றால் வெட்டு. யோசித்தால் வெட்டு. “சும்மா நிக்கறதைப் பார்க்க யார் சார் காசு குடுப்பாங்க?” என்பார். வீட்டுக்காரர் பஸ் டிரைவர். அவர் நல்ல வாயாடி என்றும், வீட்டில் அவரையும் பாதியில் வெட்டுவதுண்டு என்றும் சொல்லிச் சிரிப்பார்.

என் அக்கா அதே பள்ளியில் அறிவியல் ஆசிரியை. சின்ன வயதிலிருந்து என்னைத் திட்டித் தீர்த்த குரல் அவளுடையது. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் மைக் இல்லாமல் கடைசி பெஞ்சு வரை போகும். இருபத்தாறு வருடம் அப்படிக் கத்தியதில் தொண்டையில் ஒன்று முளைத்துவிட்டது. அறுவை சிகிச்சை என்று முடிவானது. அதற்குப் பிறகு எட்டு மாதம் கிசுகிசுக்கக்கூடக் கூடாது, பழைய குரல் திரும்பாது என்று டாக்டர் பட்டென்று சொல்லிவிட்டார். பேசாத ஆசிரியையை வகுப்பில் எப்படி வைத்துக்கொள்வது என்று தலைமையாசிரியை யோசித்தார். பேசாமல் ஆய்வகச் சாமான் அறையைப் பார்த்துக்கொள்ளட்டும் என்ற பேச்சு அடிபட்டது. அக்கா அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. “பீக்கர் எண்றதுக்காடா நான் படிச்சேன்?” என்று அந்தக் கரகரத்த குரலில் கேட்டாள்.

வழி சொன்னது ஒயரம்மாதான்.

“ஆபரேஷனுக்கு இன்னும் பத்து நாள் இருக்கு டீச்சர். தினம் சாயங்காலம் ஸ்கூல் விட்டதும் பாடத்தைப் பேசிடுங்க, நான் எடுத்துடறேன். அப்புறம் நீங்க பக்கத்துல நின்னா போதும். பேசற வேலையைத் திரை பார்த்துக்கும்.”

பத்து நாளும் காலி வகுப்பறையில் அக்கா பாடம் நடத்தினாள். ஒயரம்மா மூன்று பள்ளி வேலையையும் முடித்துவிட்டு தினமும் வந்தார். அதற்குச் சம்பளம் கிடையாது, யாரும் கேட்கவும் இல்லை. நான் வாசலில் காவல். ஆளில்லாத பெஞ்சுகளைப் பார்த்து அக்கா கேள்வி கேட்பாள், கொஞ்ச நேரம் நிற்பாள், பிறகு விடை சொல்வாள். கடைசி நாள் குரல் பாதிதான் வந்தது. அதையும் எடுத்தோம்.

அறுவை சிகிச்சை முடிந்து ஒன்றரை மாதத்தில் அக்கா பள்ளிக்குத் திரும்பினாள். கையில் ஒரு குறிப்பு நோட்டு, கழுத்தில் ஒரு துணி. முதல் வகுப்பு ஒரு செவ்வாய்க்கிழமை. பாடம் நிழல். திரையில் அக்கா வந்ததும் பிள்ளைகள் கை தட்டினார்கள். அந்தக் குரலைத் திரும்பக் கேட்டதும் எனக்கே கண் கலங்கியது.

அவ்வளவுதான், அதோடு சரி. திரையிலிருந்த அக்கா “நிழல் எப்படி உண்டாகுது?” என்று கேட்டாள், கேட்ட மூச்சிலேயே விடையையும் சொன்னாள். பிள்ளைகள் வாயைத் திறப்பதற்குள் அடுத்த கேள்வி, அதற்கும் விடை. நாலு பேர் எழுந்து நின்று சொல்லத் தொடங்க, திரை அவர்கள் தலைக்கு மேல் பேசிக்கொண்டே போனது. அக்கா பதறி ரிமோட்டைப் பிடித்து நிறுத்தினாள். படம் உறைந்தது, அதுவும் வாய் பாதி திறந்து, ஒரு கண் மூடிய நிலையில். வகுப்பு கொல்லென்று சிரித்தது. அக்கா அந்த முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். இதையெல்லாம் வாசலில் நின்று தலைமையாசிரியையும் பார்த்துவிட்டார்.

“வெள்ளிக்கிழமை நானே வந்து உட்கார்றேன். அன்னிக்கும் இப்படித்தான்னா சாமான் அறைதான் டீச்சர். எனக்கு வேற வழி தெரியல” என்றார். கெட்டவர் அல்ல. அவருக்கும் நாற்பது பிள்ளைகளைப் பற்றிய கவலை.

ஒயரம்மாவுக்கு அந்த நிமிடமே விளங்கிவிட்டது. அக்கா கேட்டுவிட்டு நின்ற இடங்களையெல்லாம் அவர் வெட்டியிருந்தார். கல்யாணக் கடைக் கை. ஆள் பேசாமல் நிற்பதைப் பார்த்ததும் தானாகக் கத்தரி போட்டுவிட்டது.

“சரி, வெட்டினதை எடுத்துத் திரும்ப ஒட்டுங்க” என்றேன்.

அவர் முகம் வெளிறிவிட்டது. “கல்யாணக் கடையில வேலை முடிஞ்சதும் கேமரா கார்டைத் துடைச்சிடுவேன் சார். அடுத்த கல்யாணத்துக்கு வேணுமே. அதே பழக்கத்துல இதையும் துடைச்சுட்டேன்.”

அன்று நான் கத்தியதை இங்கே எழுத முடியாது. என் அக்காவின் குரலை நாசம் பண்ணிவிட்டாய் என்கிற அளவுக்குப் போனேன். அவர் பையைக் கீழே வைத்துவிட்டுச் சுவரைப் பார்த்து அழுதார். அப்போதும் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா மேசையை டொக்கென்று தட்டினாள். என்னை அடக்க அவளுக்கு இப்போது அது போதும். நோட்டில் எழுதி ஒயரம்மாவின் முன் நீட்டினாள்.

‘குரல் அப்படியேதான் இருக்கிறது. போனது நான் நின்ற நேரம் மட்டும். ஜன்னலில் ஒன்பது கம்பி. கேள்வி கேட்டால் ஒன்பதையும் கண்ணால் எண்ணி முடிக்கும்வரை யாரையும் கூப்பிட மாட்டேன். இருபத்தாறு வருட வழக்கம்.’

ஒயரம்மா அதை இரண்டு முறை படித்தார். மூக்கைத் துடைத்துக்கொண்டார்.

“நடுவுல படத்தை நிறுத்தி வைக்கலாம் டீச்சர். ஆனா மெஷின் நின்னுபோச்சுன்னு பிள்ளைங்க கத்துவாங்க” என்று தனக்குத்தானே பேசினார். பிறகு சட்டென்று திரும்பினார். “பேசத்தானே டாக்டர் வேண்டாம்னாரு? நிக்க வேண்டாம்னு சொல்லலையே?”

அக்காவின் முகத்தில் அன்றுதான் முதல் சிரிப்பு.

புதனும் வியாழனும் சாயங்காலம் மறுபடி காலி வகுப்பறை. பழைய பதிவில் இருந்த அதே நீல உடை, கரும்பலகையில் அதே படம். எங்கே எந்தக் கோடு இருந்தது என்று ஒயரம்மா திரையைப் பார்த்துச் சொல்ல, நான் வரைந்தேன். பெட்டியைத் தொட மாட்டேன் என்றவன் வெளிச்சம் கூசாமலிருக்க விளக்குக்கு முன்னால் வெள்ளைத் துணி பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கா திரையில் கேட்கப்பட்ட ஒவ்வொரு கேள்விக்கும் வந்து நின்றாள், ஒன்பது எண்ணி, பிள்ளைகள் விடை சொல்லும் நேரமும் சேர்த்துப் பேசாமல் காத்திருந்தாள். அந்தக் காத்திருப்பை மட்டும் ஒயரம்மா படம் எடுத்தார்.

அப்போதுதான் நான் சரியாகப் பார்த்தேன். அக்கா சும்மா நிற்கவில்லை. முன் பெஞ்சில் தொடங்கி ஒவ்வொரு காலி இடமாகப் பார்த்துக்கொண்டே போனாள். கொஞ்சம் புருவம் உயர்த்தினாள், யாரோ சொன்னதுபோல் தலையசைத்தாள். கடைசியில் ஜன்னல் ஓரத்து இடத்தில் பார்வை வந்து தங்கியது. அந்த இடத்தில் உட்காரும் பெண்ணை எனக்கும் தெரியும். என் கணக்கு வகுப்பில் அவள் வாய் திறந்து நான் பார்த்ததில்லை. ஒன்றும் ஏறாது என்று எப்போதோ முடிவுகட்டி விட்டுவிட்டேன்.

“நானும் அப்படி ஒரு பொண்ணுதான் சார்” என்றார் ஒயரம்மா, கண்ணைக் கேமராவிலிருந்து எடுக்காமல். “பதில் தெரியும். வாய்க்கு வர்றதுக்குள்ள பக்கத்து ஆளைக் கேட்டுடுவாங்க. தெரியாதுன்னே பேராகிப்போச்சு. பத்தாவதோட நின்னுட்டேன். அப்படிப்பட்ட நானே இதை வெட்டினேன் பாருங்க.”

துணியை இன்னும் கொஞ்சம் தூக்கிப் பிடித்தேன்.

வெள்ளிக்கிழமை தலைமையாசிரியை கடைசி வரிசையில் உட்கார்ந்தார். ஒயரம்மா சுவிட்ச் போர்டு பக்கம். எனக்கு அந்த மணியில் வகுப்பு இல்லை. இருந்திருந்தாலும் வந்திருப்பேன். புரொஜெக்டரை அக்காவே போட்டாள், ஒயரம்மாவின் கை பின்னால்தான் இருந்தது.

முதல் கேள்விக்குப் பிறகு திரையிலிருந்த அக்கா பேச்சை நிறுத்திவிட்டுப் பிள்ளைகளைப் பார்த்தாள். வகுப்பும் அவளைப் பார்த்தது. பிறகு இரண்டு கைகள் உயர்ந்தன. வகுப்பில் நின்ற அக்கா விரல் நீட்டினாள், ஒரு பையன் விடை சொன்னான், அவன் உட்கார்ந்ததும் திரை தொடர்ந்தது. இரண்டாவதும் மூன்றாவதும் அப்படியே. எனக்கு மூச்சு சீராக வந்தது.

“மத்தியானத்துல நம்ம நிழல் எங்க போகுது?” என்று நான்காவது கேள்வி வந்தது.

கை எதுவும் உயரவில்லை. நான் ஜன்னல் கம்பிகளை எண்ணத் தொடங்கினேன். மூன்று. நான்கு. தலைமையாசிரியை நாற்காலியில் நகர்ந்தார். ஆறு. திரையில் அக்காவின் பார்வை ஒவ்வொரு பெஞ்சாகத் தாண்டி ஜன்னல் ஓரத்தில் வந்து நின்றது. கீழே நின்ற அக்காவும் அங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு அக்காக்களும் தன்னையே பார்ப்பதை அந்தப் பெண் கண்டாள். ஏழு. மெதுவாக எழுந்தாள். எட்டு.

“எங்கயும் போகல டீச்சர்” என்றாள். “காலுக்கு அடியிலேயே இருக்கு.”

அக்காவால் சபாஷ் சொல்ல முடியாது. இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினாள். கண்ணீர் கழுத்துத் துணி வரை வழிந்தது. சுவிட்ச் போர்டு பக்கம் ஒயரம்மா பின்னால் கட்டியிருந்த கையை அன்று முதன்முறையாக முன்னால் கொண்டுவந்து வாயைப் பொத்திக்கொண்டார்.

மணி அடித்ததும் தலைமையாசிரியை அக்காவிடம் வந்தார். சாமான் அறையைப் பற்றி ஒரு பேச்சும் எடுக்கவில்லை. “திங்கட்கிழமை எந்தப் பாடம் டீச்சர்?” என்று மட்டும் கேட்டார். அக்கா நோட்டில் ‘ஒளி’ என்று பெரிதாக எழுதிக் காட்டினாள்.

ஒயரம்மா ஒயர்களைச் சுருட்டிப் பையில் திணித்துக்கொண்டிருந்தார். நான் அருகே போய் நின்றேன். மன்னிப்புக் கேட்டு எனக்குப் பழக்கமில்லை.

“அன்னிக்கு நான் கொஞ்சம் அதிகமாப் பேசிட்டேன்மா.”

“விடுங்க சார். அக்காவுக்காகப் பேசினீங்க.”

“என் கிளாஸுக்கும் ஒருநாள் வாங்க. அந்தப் பெட்டியைக் கத்துக்கறேன்.”

அவர் சிரித்தார். “போன மாசம் உங்க கிளாஸ்ல ஃபேன் பக்கத்து பிளக்கைப் பார்க்க வந்திருந்தேனே. அரை மணி நேரம் இருந்தேன், நீங்க கேள்வி கேக்கறதைப் பார்த்துக்கிட்டே. பெட்டியை அப்புறம் பார்த்துக்கலாம் சார். உங்க ரூம் ஜன்னல்ல எத்தனை கம்பி, சொல்லுங்க?”

எனக்குத் தெரியவில்லை. அந்த அறையில்தான் பதினேழு வருடமாகக் கணக்குச் சொல்லித்தருகிறேன்.

அவர் ஸ்கூட்டரைக் கிளப்பிப் போன பிறகு தனியாகப் போய் எண்ணினேன். பதினொன்று இருந்தது.