பார்த்தவர் கையெழுத்து

காலை ஐந்து ஐம்பத்திரண்டு. கொண்டப்பநாயக்கன்பட்டியில், மலைப்பாதை இறங்கி ஊருக்குள் நுழையும் இடத்தில், முதலில் என் கண்ணில் பட்டது பால். தெருவிளக்கு வெளிச்சத்தில் சாலைச் சரிவில் வழிந்து, பூட்டியிருந்த ஒரு பேக்கரியின் படிக்குக் கீழே தேங்கிக்கொண்டிருந்தது. அடுத்து, கவிழ்ந்து கிடந்த மொபெட்டைப் பார்த்தேன். அடுத்து, மின்கம்பத்தில் முகப்பு நசுங்கி நின்ற வெள்ளைக் கார். சாலையோரம் இடது காலைப் பிடித்துக்கொண்டு பால்காரர் உட்கார்ந்திருந்தார். சத்தம் போடவில்லை. காரின் ஓட்டுநர் பக்கக் கதவு திறந்தது. இறங்கியவர் நான் வேலை பார்க்கும் பல்கலைக்கழகத்தின் வேந்தர்.

காரில் வேறு யாரும் இல்லை. பதினேழு ஆண்டுகள் ஒரு நாளிதழின் சேலம் பதிப்பில் இருந்தவன் நான். விபத்து என்றால் யார் ஓட்டியது, எத்தனை பேர் இருந்தார்கள் என்று கண் தானாகப் பார்த்துவிடும். பக்கத்து இருக்கையில் ஒரு பாட்டில் சாய்ந்து கிடந்தது. கால்வாசி மிச்சம்.

அவர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "நல்லவேளை, நீங்க இருக்கீங்க" என்றார். அந்த மூன்று வார்த்தைகளுக்குள் மூச்சில் வாடை தெரிந்தது. ஏற்காட்டில் பல்கலைக்கழக அறக்கட்டளைக்கு ஒரு தியான இல்லம் உண்டு. அங்கிருந்து இறங்கியிருக்கிறார். தன் செல்போனை என் கையில் வைத்தார். "டிரைவரை வரச் சொல்லுங்க."

நடைப்பயிற்சிக்கு நான் போன் எடுத்துப் போவதில்லை. அவருடைய போனிலிருந்து முதலில் நூற்றியெட்டுக்கு அடித்தேன். இரண்டாவதாகத்தான் டிரைவருக்கு. அந்த வரிசைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டது நினைவிருக்கிறது.

டீக்கடை திறந்து ஆட்கள் சேர்வதற்குள் வேந்தர் ஆட்டோ பிடித்து சேலம் ஃபேர்லேண்ட்ஸ் வீட்டுக்குப் போய்விட்டார். பால்காரர் வலியில் எதையும் கவனித்திருக்கவில்லை. வேந்தர் இறங்கியதைப் பார்த்தவன் நான் ஒருவன். வந்தவர்கள் ஆளில்லாத காரையும் பாட்டிலையும் செல்போனில் படம் எடுத்தார்கள். ஆம்புலன்ஸ் வந்து பால்காரரை ஏற்றிக்கொண்டு போனது. ஆறே முக்காலுக்கு, கூட்டம் கலைந்த பிறகு, டிரைவர் தன் பைக்கில் வந்து இறங்கினார். கறுப்பு வேட்டி, வெறுங்கால், கழுத்தில் துளசி மாலை. கார்த்திகை முதல் தேதியே சபரிமலைக்கு மாலை போட்டிருந்தார். காரைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு என்னிடம் கேட்டது ஒன்றுதான்.

"பால்காரருக்கு உசிருக்கு ஒண்ணுமில்லீங்களே சாமி?"

"கால்தான்."

"அய்யப்பன் காப்பாத்துனாரு" என்றார். பிறகு, போலீஸ் வருவதற்காகக் காரின் பக்கத்தில் போய் நின்றுகொண்டார். யாரும் அவருக்கு எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

எங்கள் பல்கலைக்கழகம் சேலத்துக்கும் நாமக்கல்லுக்கும் நடுவில் இருக்கிறது. அதற்கு மேல் சொல்லப்போவதில்லை. நிறுவியவர் காவி கட்டாத ஒரு துறவி; காலமாகிவிட்டார். இப்போதைய வேந்தர் அவருடைய தம்பி மகன். பிள்ளையைச் சேர்க்க வரும் பெற்றோர் கட்டடத்தைப் பார்த்து வருவதில்லை. 'அங்கே ஒழுக்கம் உண்டு' என்று வருவார்கள். லாரி வைத்திருப்பவர், கோழிப்பண்ணை வைத்திருப்பவர், தறி ஓட்டுபவர், எல்லோரும் அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித்தான் பெண்பிள்ளைகளை விடுதியில் விட்டுவிட்டுப் போவார்கள்.

அந்தப் பெயருக்குக் காரணம் வெள்ளிக்கிழமை. ஒவ்வொரு வெள்ளியும் காலை எட்டரைக்குப் பிரார்த்தனை மண்டபத்தில் எல்லோரும் கூட வேண்டும். அந்த வாரம் விதியை மீறியவர் முன்னால் வந்து, தன் தவறைத் தன் வாயால் சொல்லி, ஒப்புதல் ஏட்டில் கையெழுத்துப் போட வேண்டும். மண்டபம் முழுவதும் ஒரே குரலில் "பொறுத்தோம்" என்று சொல்லும். அதோடு முடிந்தது. ஏட்டில் இரண்டு கட்டங்கள் உண்டு. ஒன்று தவறியவர், மற்றது பார்த்தவர். பார்த்தவர் கையெழுத்து இல்லாமல் ஒப்புதல் செல்லாது என்பது நிறுவனர் வைத்த விதி. மிரட்டி யாரையும் ஒப்புக்கொள்ள வைத்துவிடக் கூடாது என்பதற்காக வைத்தாராம்.

போன வருடம் ஓர் இளம் விரிவுரையாளர் அப்படி நின்றார். ஃபேர்லேண்ட்ஸில் ஓர் ஐஸ்கிரீம் கடையில் ஒருவருடன் உட்கார்ந்திருந்தது குற்றம். நிச்சயமான மாப்பிள்ளைதான் என்று அவர் சொல்லிப் பார்த்தார். "நிச்சயம் வேறு, திருமணம் வேறு. ஒழுக்கத்தில் சின்னது பெரியது கிடையாது" என்று வேந்தர் அரைமணி நேரம் பேசினார். அந்தப் பேச்சை எழுதிக் கொடுத்தவன் நான். மக்கள் தொடர்பு அலுவலர் என்பது என் பதவி. பத்திரிகையில் ஆட்குறைப்பு வந்தபோது கிடைத்த வேலை. சேரும்போது பட்டச் சான்றிதழ், மதிப்பெண் பட்டியல் எல்லாவற்றையும் அசலாக வாங்கிக்கொண்டார்கள். இந்தப் பக்கத்துத் தனியார் கல்லூரிகள் பலவற்றில் உள்ள வழக்கம்தான். பதிவாளர் அறையின் இரும்புப் பீரோவில் என்னுடைய உறை இருக்கிறது. அதே பீரோவில் என் மகளுடைய உறையும். அவள் வீட்டிலிருந்து போய் எங்கள் பல்கலைக்கழகத்தில்தான் நான்காம் ஆண்டு படித்தாள்.

விபத்து நடந்தது திங்கட்கிழமை. போலீஸ் நிலையத்தில் டிரைவர் ஓட்டினார் என்று எழுதியாயிற்று. குடியைப் பற்றி ஒரு வரியும் இல்லை. அங்கே அது தேவைப்படவில்லை. மண்டபத்துக்குத்தான் தேவைப்பட்டது. பாட்டில் படம் அதற்குள் விடுதி முழுக்கச் சுற்றியிருந்தது. இரண்டு பெற்றோர் போனில் கேட்டிருந்தார்கள்.

செவ்வாய் மதியம் பதிவாளர் எங்கள் இருவரையும் அழைத்தார். மாலை போட்டவரை அந்த நாட்களில் யாரும் ஒருமையில் பேசுவதில்லை. பதிவாளரும் பேசவில்லை.

"சாமி உக்காருங்க."

டிரைவர் நின்றே இருந்தார். "ஓட்டுனது நாந்தான்னு ஸ்டேஷன்லயே சொல்லிப்போட்டேனுங்க. அத மாத்த மாட்டேனுங்க."

"அது பத்தாது சாமி. பாட்டில் படம் எல்லாப் பசங்க போன்லயும் இருக்குது. அது யாருதுன்னு ஒருத்தர் சொல்லியாகோணும். வெள்ளிக்கிழமை ஒரு வார்த்தை. எல்லாரும் பொறுத்தோம்னு சொல்லிருவாங்க. முடிஞ்சுது."

"குடிச்சேன்னு மட்டும் சொல்ல மாட்டேனுங்க. கழுத்துல இது கெடக்குது."

"சாமி மனசறிஞ்சு குடிக்கல. அது அய்யப்பனுக்குத் தெரியும். அவரு பொறுத்துக்குவாரு. ஆனா அய்யா பேரு கெட்டா ஸ்தாபனம் நிக்குமா?"

"ஏனுங்க, அப்பச் சாமிய உட ஸ்தாபனம் பெருசுங்களா?"

பதிவாளர் என்னைப் பார்த்துச் சிரித்தார். "பாருங்க சார், நம்ம சாமி பட்டிமன்றத்துக்கே போலாம்." சிரிப்பு நின்றதும் குரலை மாற்றாமல் கேட்டார்: "குவார்ட்டர்ஸ்ல தண்ணி ஒழுங்கா வருதுங்களா சாமி? வீட்டம்மா ஹாஸ்டல் மெஸ்லதானே இருக்காங்க?"

ஜலகண்டாபுரத்தில் இருந்த ஓட்டு வீட்டை மூத்த மகள் கல்யாணத்துக்கு விற்றுவிட்டு, டிரைவரும் மனைவியும் வளாகத்துக்குள் குடிவந்தவர்கள். அவர்களுக்கு வேறு வீடு இல்லை.

நான் இடையில் பேசினேன். அவருக்கு உதவுவதாகத்தான் நினைத்தேன். "மாலை போட்டுக்கிட்டு ஒருத்தர் குடிச்சேன்னு சொன்னா மண்டபத்துல ஒருத்தரும் நம்ப மாட்டாங்க சார். இன்னும் அதிகமாத்தான் பேசுவாங்க" என்றேன். அதோடு இந்தப் பேச்சு கைவிடப்படும் என்று எதிர்பார்த்தேன்.

பதிவாளர் யோசித்தார். ஒரு பிழையைச் சுட்டிக்காட்டியதற்கு நன்றி சொல்பவர் போலத் தலையசைத்தார். "சரியாச் சொன்னீங்க. அப்ப வெள்ளிக்கிழமை மாலை இருக்கக் கூடாது."

டிரைவர் வலது கையை மாலையின் மேல் வைத்தார். என்னைப் பார்த்தார். நான் மேசையைப் பார்த்தேன்.

பதிவாளர் எழுந்து பீரோவைத் திறந்து ஒப்புதல் ஏட்டை எடுத்தார். கீழ்த்தட்டில் பழுப்பு உறைகள் அகர வரிசையில் நின்றன. அவர் கதவை உடனே சாத்தவில்லை. "பொண்ணு கடைசி வருஷமா சார்?" என்றார். ஆமாம் என்றேன். "பார்த்தவர் இடத்துல நீங்க போட்ருங்க. நீங்கதானே அங்க இருந்தீங்க."

விசாரணைக் குழு ஒன்று இல்லையா என்று கேட்டேன். இருக்கிறது என்றார். அதன் தலைவர் வேந்தர்.

புதன்கிழமை என் பழைய பத்திரிகையின் நிருபர் போன் செய்தான். என்னிடம் வேலை கற்றவன். "அண்ணே, நீங்க அந்த ஏரியாதானே. யாரு ஓட்டுனது? டிரைவருங்கறாங்க, அந்தாளு மாலை போட்டவராம். கதை ஒட்டவே இல்லையே?"

"எனக்குத் தெரியலப்பா. நான் போறதுக்குள்ள எல்லாம் முடிஞ்சுது."

"நீங்களே இப்பிடிச் சொன்னா நான் எங்கண்ணே போவேன்?" என்று சிரித்தான். மறுநாள் உள்பக்கத்தில் நான்கு வரி வந்தது. தனியார் கார் மோதிப் பால்காரர் காயம்.

வியாழன் மாலை டிரைவரைப் பல்கலைக்கழக வாயிலில் பார்த்தேன். பேருந்துக்காக நின்றிருந்த என்னிடம் அவராகவே வந்தார். வெள்ளை வேட்டி, செருப்பு. கழுத்தில் ஒன்றுமில்லை. வெயில் படாத ஒரு கோடு மட்டும் தெரிந்தது.

"குருசாமிகிட்டப் போயிக் கழட்டிப்போட்டு வாரேனுங்க சார்."

மூன்று வாரமாக என்னைச் சாமி என்று கூப்பிட்டவர், அன்று சார் என்றார்.

"என்ன காரணம் சொன்னீங்க?"

"சும்மா கழட்ட மாட்டாரு. சாவு உழுந்தாத்தான் நடுவுல கழட்டோணும். எங்கூட்ல ஒரு சாவுங்கன்னு சொன்னேன்."

"யாருன்னு கேக்கலையா?"

"கேட்டாரு." சாலையின் அந்தப் பக்கம் பார்த்தார். "எங்கூட்டுக்காரி ரெண்டு நாளா எங்கிட்டப் பேசறதில்லீங்க. மலைக்குப் போயிருந்தா இது பதினெட்டாவது வருசமுங்க. இந்த வருசம் தென்னம்பிள்ள எடுத்துட்டுப் போயி மலையில வெக்கோணும்னு ஈரோட்டுப் பக்கமிருந்து வாங்கியாந்து வெச்சிருந்தா."

என் பேருந்து வந்தது. அவர் கொஞ்சம் நெருங்கி வந்தார்.

"சார், ஒண்ணு கேக்கட்டுங்களா. நீங்க கையெழுத்துப் போடலீன்னா அது செல்லாதுன்னு சொல்றாங்களே, நெசங்களா?"

"விதி அப்படித்தான்."

"செரிங்க" என்றார். நான் பேருந்தில் ஏறிவிட்டேன். சீலநாயக்கன்பட்டி வரை நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

அன்றிரவு என் மகளிடம் எதையும் சொல்லவில்லை. அவளே சொன்னாள், விடுதியில் எல்லோரும் டிரைவர் அங்கிளைத் திட்டுகிறார்கள், மாலை போட்டுக்கொண்டு இப்படிச் செய்தாரே என்று. "உங்களுக்கு ஏதாவது தெரியுமாப்பா?" என்று கேட்டாள். சாப்பிடச் சொன்னேன்.

வெள்ளி காலை எட்டரைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. கதவுகள் சாத்தப்பட்டன, அதுவும் வழக்கம்தான். மேடையில் நிறுவனர் படம், அதற்கு முன் வேந்தர். நெற்றியில் சந்தனம். உதட்டோரம் இருந்த சின்னக் காயத்தின் மேல் ஏதோ களிம்பு பூசியிருந்தார். முதலில் இரண்டு மாணவர்கள். வகுப்பில் போன் பார்த்தவர்கள். பொறுத்தோம். அடுத்து ஓர் எழுத்தர். மூன்று நாள் தாமதம். பொறுத்தோம்.

டிரைவர் வந்தார். பதிவாளர் அவர் கையில் ஒரு தாளைக் கொடுத்து, "தைரியமாப் படிப்பா" என்றார். தாளில் இருந்த நான்கு வரிகளும் நான் எழுதியவை. டிரைவர் தாளைப் பார்க்கவில்லை. ஒலிபெருக்கி முன் நின்று, ஒரே மூச்சில் சொன்னார்:

"நாந்தான் குடிச்சேனுங்க. நாந்தான் ஓட்டுனேனுங்க. பால்காரரு கால ஒடச்சதும் நாந்தானுங்க."

கடைசி வாக்கியம் தாளில் இல்லை. பால்காரரைப் பற்றி நான் எதுவும் எழுதியிருக்கவில்லை.

மண்டபம் "பொறுத்தோம்" என்றது. என் வாயும் சொன்னது. விடுதிச் சமையல் பெண்கள் நின்ற வரிசையில் அவருடைய மனைவி இருந்தார். அவருடைய வாய் அசைந்ததா என்று பார்க்க நினைத்தேன். நடுவில் ஒரு தூண் மறைத்தது.

வேந்தர் பத்து நிமிடம் பேசினார். தவறை ஒப்புக்கொள்பவனுக்கு இந்தக் குடும்பத்தில் என்றும் இடம் உண்டு, இவரை நாம் வேலையிலிருந்து நீக்கப் போவதில்லை என்றார். கைதட்டல் எழுந்தது. டிரைவர் ஏட்டில் கையெழுத்துப் போட்டார். பதிவாளர் ஏட்டைத் திருப்பி என் பக்கம் நகர்த்தினார். பேனாவைத் திறந்தே வைத்திருந்தார். டிரைவர் அங்கேயே நின்று என் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என் மகள் எந்த வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள் என்று எனக்குத் தெரியும். நிமிர்ந்து பார்க்கவில்லை. பார்த்தவர் என்ற கட்டத்தில் கையெழுத்துப் போட்டேன்.

மார்கழியில், மாலை போட்டிருந்த ஊழியர்கள் பதினாறு பேரைப் பல்கலைக்கழக வேனில் சபரிமலைக்கு அனுப்பினார்கள். வேந்தர் தேங்காய் உடைத்து வழியனுப்பினார். வேனை ஓட்டிச் சென்றவர் அந்த டிரைவர்தான். நிலக்கல்லில் வண்டிகள் நிறுத்தும் இடத்தில், மற்றவர்கள் மலையேறி இறங்கி வரும்வரை, இரண்டு பகல் ஓர் இரவு வேனுக்குள் இருந்தார்.