வெளியூர் ஆட்டத்தில் ஒரு விசில்

நாலு கோல் வாங்கித் தோற்றால் அதில் ஒரு நிம்மதி உண்டு. வீட்டுக்கு வந்து, குளித்து, சாப்பிட்டுப் படுத்துவிடலாம். ஒரே ஒரு கோலில், அதுவும் வெளியூரில் போய்த் தோற்பதுதான் ஆளை விடாது. பந்து ஒரு சாண் தள்ளிப் போயிருந்தால், காற்று கொஞ்சம் மாறி அடித்திருந்தால், நடுவர் கண்ணாடி போட்டிருந்தால் என்று மறுநாள் பல் தேய்க்கும்போதும் மனம் அதே மைதானத்தில் ஓடிக்கொண்டிருக்கும். போன வாரம் என் அணி அப்படித்தான் தோற்றது. மறுநாள் அலுவலகத்தில் என் முகத்தைப் பார்த்தவர்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு சரியில்லையா என்று தாழ்ந்த குரலில் விசாரித்தார்கள். இந்த நோய் எனக்கு நாலாம் வகுப்புப் படிக்கும்போது தொற்றியது.

அப்போது திருவனந்தபுரத்தில் சாலை என்னும் கடைத்தெருவில் எங்களுக்கு இரும்புச் சாமான் கடை இருந்தது. ஆணி, கீல், தாழ்ப்பாள், கம்பி வலை எல்லாம் விற்போம். அப்பா கடையைப் பார்த்துக்கொண்டார். அவருடைய தம்பியான என் சித்தப்பா, கடையைப் பார்த்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டுப் பந்து விளையாடிக்கொண்டிருந்தார். கடைத்தெருவில் வேலை செய்கிறவர்களும் கடைக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து ஒரு செவன்ஸ் அணி வைத்திருந்தார்கள். பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுகிற கால்பந்து அது. சித்தப்பா கோல்கீப்பர்.

அந்த அணிக்கு ரசிகர் மன்றம் என்று எதுவும் கிடையாது. அத்தை இருந்தாள். அப்பாவுக்கு மூத்தவள், எங்கள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருந்தாள். ஆட்டத்தின் விதிகள் அவளுக்கு அவ்வளவாகத் தெரியாது. ஆனால் எங்களுக்கு எதிராக ஊதிய நடுவர்கள் ஒவ்வொருவருடைய குடும்பத்தைப் பற்றியும் அவளுக்குத் தீர்மானமான அபிப்பிராயம் இருந்தது.

அப்பா நேர்மாறு. நாக்கில் தராசு வைத்திருந்தவர். "ஸ்கூலுக்கு நெறைய பேரு வரல்ல" என்று நான் சொன்னால், "எண்ணிப் பாத்தியா?" என்பார். மழை வருமா என்று வாடிக்கையாளர் பேச்சுக்குக் கேட்டால்கூட, தெரியாத விஷயத்தில் கருத்துச் சொல்ல மாட்டார். அம்மாவோ பேசுவதே குறைவு. நாகர்கோவில் வடசேரியிலிருந்து கல்யாணமாகி வந்தவள். எங்கள் வீட்டில் எது கேட்டாலும் தலையைத்தான் ஆட்டுவாள். அத்தை சத்தமாகப் பேசி முடித்ததும் மிச்சமிருக்கும் இடத்தில் ஒருத்தர் எவ்வளவு பேச முடியுமோ அவ்வளவு பேசுவாள்.

அந்த வருஷம் ஒரு கோப்பைப் போட்டியில் எங்கள் அணி கடைசிக் கட்டத்துக்கு வந்துவிட்டது. இன்னும் ஓர் ஆட்டம். புள்ளிக் கணக்கில் நாங்கள் முன்னால் இருந்ததால் சமனில் முடிந்தாலே இறுதிப் போட்டிக்குப் போய்விடலாம். ஆட்டம் எங்கே, யாரோடு என்று பார்த்தால் வடசேரியில், வடசேரி அணியோடு. அதில் கோல் அடிக்கிற ஆள், அம்மாவின் தம்பியான என் மாமா.

செய்தி வந்ததும் அத்தை நேராக எங்கள் அடுக்களைக்கு வந்தாள்.

"ஏ பிள்ளே, உன் தம்பிகிட்ட சொல்லி வை. நம்ம பையன் மேல காலு பட்டுதுன்னா பின்னே அந்தக் காலு இருக்காது, கேட்டியா?"

அம்மா தலையாட்டினாள்.

மாமா மறுநாளே அப்பாவுக்குப் போன் செய்தார். அணியோடு வருகிற அத்தனை பேரும் மத்தியானம் அவர் வீட்டில்தான் சாப்பிட வேண்டும், ஓட்டலில் சாப்பிட்டால் தன் அக்காவுக்கு என்ன மரியாதை என்றார். சம்பந்தக்காரர்கள் அழைக்கும்போது மறுப்பது முறையில்லை. அப்பா ஒப்புக்கொண்டார். வெறுங்கையோடு போகக்கூடாது என்று அத்தை கிழக்கேகோட்டையில் போளி வாங்கிக் கட்டிக்கொண்டாள்.

வேனில் அணியும் குடும்பமும் ஏறினோம். கடைசி வரிசையில் ஒரு செண்டைக்காரர் உட்கார்ந்திருந்தார். வெளியூரில் நம் பக்கம் சத்தம் குறைந்துவிடக் கூடாது என்று அத்தை பழவங்காடிப் பக்கமிருந்து பிடித்து வந்தவர். முழு மேளமே வேண்டும் என்றுதான் அத்தை சொன்னாள். வேனில் ஒரு செண்டைக்குத்தான் இடம் இருந்தது. அவர் நெய்யாற்றின்கரை வரை உற்சாகமாக அடித்துக்கொண்டு வந்தார். பிறகு டிரைவர் கேட்டுக்கொண்டதால் நிறுத்திவிட்டார்.

மாமா வீட்டில் இலை போட்டுத் தயாராக இருந்தார்கள். அவியல், எரிசேரி, ஓலன், இஞ்சிக் கறி என்று இலையில் பச்சை தெரியாமல் போயிற்று. மாமா இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு தானே பரிமாறினார். சித்தப்பா கையை விரித்து இலையை மறைத்தபோது மாமா விடவில்லை.

"என்ன மச்சான் இது? கோல்கீப்பர் அகலமா இருந்தாத்தான் கோல் போஸ்ட்டு மறையும்."

சித்தப்பா யோசித்தார். அதில் நியாயம் இருப்பதாகத் தோன்றவே கையை எடுத்துவிட்டார். கடைசியில் பால் பாயசம் வந்தது. நாங்கள் கொண்டுபோன போளியையே அதில் பிசைந்து எங்களுக்குக் கொடுத்தார்கள். அரிசி மண்டியில் மூட்டை தூக்குகிற எங்கள் தடுப்பாட்டக்காரர் மூன்றாம் முறை கேட்டு வாங்கினார். செண்டைக்காரரை எழுப்பி நிறுத்த இரண்டு பேர் வேண்டியிருந்தது. மாமா மட்டும் வயிறு சரியில்லை என்று ஒரு டம்ளர் மோர் குடித்தார். அப்போது அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நான் அம்மாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்த வீட்டு அடுக்களை மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். மாமியோடு சத்தம்போட்டுச் சிரித்தாள். உப்புக் குறைவு என்று ஓலனைப் பற்றிக் குறை சொன்னாள். யாரோ கூப்பிட்டதற்கு, "வாரேன்லா, என்ன அவசரம்?" என்று உள்ளேயிருந்து கத்தினாள். எனக்கு ஜுரம் அடிப்பதுபோல இருந்தது. அம்மாவுக்கு இப்படி ஒரு குரல் இருப்பது எனக்குத் தெரியாது.

நாலு மணிக்கு ஆட்டம். பள்ளிக்கூட மைதானம், செம்மண் தரை, ஒரு பக்கமாகச் சற்றே சரிவு, இரண்டாம் பாதியில் அது எங்கள் கோல் பக்கம். பெண்களுக்குக் கோட்டோரம் பிளாஸ்டிக் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். முன்னால் அத்தை, அவளுக்குப் பின்னால் நானும் அம்மாவும், எங்களுக்குப் பின்னால் அப்பா நின்றுகொண்டு. செண்டைக்காரர் வேப்பமரத்தடியில் செண்டையின் மேல் கன்னத்தை வைத்துப் படுத்து, விசில் ஊதுவதற்கு முன்பே உறங்கிவிட்டார்.

எங்கள் ஆட்கள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு நடந்தார்கள். ஓடினார்கள் என்று சொல்ல அப்பாவின் மகளான எனக்கு மனம் வரவில்லை. தடுப்பாட்டக்காரர் பந்து தன்னைக் கடந்து போகும்போதெல்லாம் அதை ஒரு வழிப்போக்கரைப் போல மரியாதையோடு பார்த்துக்கொண்டு நின்றார். ஆனால் சித்தப்பா அன்றைக்கு வேறு ஆளாக இருந்தார். அகலம்தான் உதவியதோ என்னவோ, எங்கே அடித்தாலும் பந்து அவர்மேல்தான் பட்டது. மாமா மறுபடி மறுபடி அடித்தார். சித்தப்பா நெஞ்சால் தடுத்தார், முழங்காலால் தடுத்தார், ஒரு முறை முகத்தால் தடுத்து மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். அவர் அப்படி எழுந்தபோது எங்கள் கூட்டத்தில் யாருக்கும் சிரிக்கத் தோன்றவில்லை. உலகத்தில் அந்தப் பந்து உள்ளே போகாமல் இருப்பதைவிட முக்கியமான காரியம் எதுவும் இல்லை என்று இருந்தது.

அத்தை பழவங்காடிப் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்தாள். வடசேரிக்காரர்கள் பந்தோடு வரும்போதெல்லாம் தேங்காய் கூடிக்கொண்டே போயிற்று. கடைசியில் சாலைக் கடைத்தெருவில் இருக்கும் தேங்காய் போதாமல் பொள்ளாச்சியிலிருந்து லாரியில் வரவழைக்க வேண்டும் என்கிற நிலை.

ஆட்டம் முடிகிற நேரத்தில் அவர்களுக்கு ஒரு கார்னர் கிடைத்தது. பந்து உயர்ந்து வந்தது. மாமா கண்ணை இறுக மூடிக்கொண்டு எம்பினார். பந்து அவருடைய பிடரியில் பட்டு, வலுவே இல்லாமல் கோல் பக்கம் போயிற்று. சித்தப்பா பாய்ந்தார். விரல் நுனியில் பட்டுக் கம்பத்தில் மோதியது. தப்பித்தோம் என்று நாங்கள் மூச்சு விட்டோம். பந்து ஒரு கணம் நின்று, யோசித்து, சரிவில் மெதுவாக உருண்டு கோட்டுக்கு உள்ளே போயிற்று.

மைதானமே எழுந்து கத்தியது. எங்கள் கூட்டம் மட்டும் செத்தது போலக் கிடந்தது. அந்த நேரம் என் காதை ஒட்டி ஒரு விசில் கிளம்பியது. நீளமாக, கூர்மையாக, மைதானத்தின் அந்தப் பக்கத்துச் சுவரில் போய் எதிரொலிக்கிற மாதிரி ஒரு விசில். திரும்பிப் பார்த்தேன். அம்மா எழுந்து நின்றுகொண்டிருந்தாள். வாயில் இரண்டு விரல்.

பார்த்துக்கொண்டிருக்கும்போதே விரலை எடுத்து முந்தானையில் துடைத்து, உட்கார்ந்து, துக்க வீட்டுக்கு வந்தவளைப் போல முகத்தை வைத்துக்கொண்டாள். அத்தை வெறியோடு பின்னால் திரும்பினாள். அதற்குள் வேப்பமரத்தடியில் இடி இடித்தது. சத்தத்தில் விழித்துக்கொண்ட செண்டைக்காரர், எங்கள் அணிதான் கோல் போட்டது என்று நினைத்து, கண்ணைத் திறக்காமலே உச்ச வேகத்தில் அடிக்க ஆரம்பித்துவிட்டார். வடசேரிப் பையன்கள் அவரைச் சுற்றி ஆடினார்கள். அத்தை செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினாள்.

"உறங்கியதும் போராதுன்னு அவனுகளுக்கு அடிச்சுக் கொடுக்கியா? எளவெடுத்தவனே! இதுக்காடா உன்ன விளிச்சுகொண்டு வந்தேன்?"

"அய்யோ சேச்சீ, கோளு நம்முடேதல்லே?" என்று அவர் பரிதாபமாகக் கேட்டார். கோல் நம்முடையது இல்லையா என்று கேட்டவரிடமிருந்து எங்கள் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவரிடம் நல்லபடியாகப் பேசியவர் மாமா ஒருவர்தான். கையைப் பிடித்துக் குலுக்கி, பிரமாதமாக வாசித்தீர்கள் என்றார்.

திரும்பும்போது வேனுக்குள் தோல்விக்கான காரணங்கள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. மைதானம் சரிவு என்றார் சித்தப்பா. வெயில் கண்ணில் அடித்தது என்றார் தடுப்பாட்டக்காரர், அவர் வெயிலுக்கு முதுகு காட்டித்தான் நின்றார் என்றாலும். நடுவர் அந்த ஊர்க்காரர் என்று ஒருவர் சொன்னார். பிள்ளையாருக்கு மாநில எல்லையான களியக்காவிளை தாண்டி அதிகாரம் கிடையாது போல என்று இன்னொருவர் சொன்னார். அத்தை எல்லாவற்றையும் கையால் ஒதுக்கினாள்.

"பாயசம்! பாயசமாக்கும் சதி. அவன் மோரு மட்டும்தானே குடிச்சான்? கண்டதில்லையா?"

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள்.

"அவனுக்கு நெசமாவே வயிறு சரியில்ல, மைனி," என்றாள் அம்மா. அவள் பழைய குரலுக்குத் திரும்பியிருந்தாள்.

"சரி, அது போட்டும். அந்த விசில் யாரு அடிச்சது? நம்ம கூட்டத்துக்குள்ள இருந்தாக்கும் வந்துது. என் பின்னாலதான் கேட்டுது." அத்தை என் பக்கம் திரும்பினாள். "மக்கா, நீ அங்கதானே இருந்தே? யாருன்னு சொல்லு."

வேன் முழுவதும் என்னைப் பார்த்தது. அம்மா ஜன்னலுக்கு வெளியே ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பொய் சொன்னால் அப்பாவுக்குப் பிடிக்காது. உண்மை சொன்னால் என்ன ஆகும் என்பது அத்தையின் முகத்தில் எழுதியிருந்தது. நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்லத் திறந்தேன் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது.

"செண்டைக்காரன்தான்," என்றார் அப்பா.

"அவனா?"

"அவன்தான் அக்கா. நான் கண்ணால பாத்தேன்."

அப்பா சொன்னால் அதற்குமேல் விசாரணை இல்லை. மழை வருமா என்றுகூடச் சொல்லாத மனிதர். அத்தை பின்னால் திரும்பிச் செண்டைக்காரரைப் பார்த்தாள். அவர் செண்டையைக் கட்டிப்பிடித்து மறுபடி உறங்கிக்கொண்டிருந்தார். குற்றத்தை மறுக்கும் நிலையில் இல்லை.

எனக்கு மட்டும் பொறுக்கவில்லை. "அவரு ரெண்டு கையிலயும் செண்டைக் கோல் வச்சிருந்தாரே, பின்னே எப்படிப்பா..." என்று ஆரம்பித்தேன். அப்பா, மாமி திருப்பிக் கட்டிக் கொடுத்து மடியிலிருந்த பொட்டலத்தைப் பிரித்து, மிச்சமிருந்த ஒரு முழுப் போளியை என் வாயில் வைத்தார். பாறசாலை வரை மென்றுகொண்டிருந்தேன்.

மறுநாள் காலையில் கடை திறக்கிற நேரம் தாண்டியும் அப்பா வீட்டிலேயே இருந்தார். நான் பால் டம்ளரை வைக்க அடுக்களைக்குப் போனேன். கதவு பாதி சாத்தியிருந்தது.

"யாரு படிப்பிச்சா?" என்று அப்பாவின் குரல் கேட்டது.

"தம்பிதான். சின்னதுல நாங்க அந்த கிரவுண்டுலதானே கிடப்போம்."

"சாலை டீமு தோத்ததுல உனக்கு அவ்வளவு சந்தோஷமாக்கும்?"

தோசைக் கல்லில் மாவு விழுகிற சத்தம் கேட்டது.

"உங்களுக்குத்தான் அது வெளியூர் மேட்ச்," என்றாள்.

அப்பா, "சரி, நாக்க எப்படி மடிக்கணும்?" என்றார்.

அதன் பிறகு உஸ் உஸ் என்று ஒரு சத்தம் வந்தது. கேஸ்தான் கசிகிறது என்று பயந்து கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே ஓடினேன். அப்பா கன்னம் இரண்டும் உப்பி, கண் பிதுங்க, வாயில் இரண்டு விரலை வைத்துக்கொண்டு நின்றார். அம்மா முந்தானையால் வாயைப் பொத்தியிருந்தாள். அவள் கண்ணிலிருந்து நீர் வழிந்துகொண்டிருந்தது. என்னைப் பார்த்ததும் அப்பா விரலை எடுத்துவிட்டு, குனிந்து, சிலிண்டரைத் தட்டிப் பார்த்தார்.

"டியூப்பு லீக்காகுது. சரி பண்ணணும்," என்றார்.

அந்த வாரம் முழுவதும் நான் அடுப்புப் பக்கமே போகவில்லை. அத்தையையும் போக வேண்டாம் என்று எச்சரித்தேன். அந்த வாரம் முழுவதும் அப்பா கடையைத் தாமதமாகத்தான் திறந்தார். இரும்புச் சாமான் கடை வைத்திருக்கும் ஒருவருக்கு ஒரு ரப்பர் டியூப்பைச் சரி பண்ண இத்தனை நாளா ஆகும் என்று எனக்கு அப்போது தோன்றவேயில்லை.