பன்னிரண்டு படிவங்கள், ஒரே கையெழுத்து

வெள்ளிக்கிழமை பிள்ளைகளிடம் கொடுத்தனுப்பிய படிவங்கள் பன்னிரண்டும் ஞாயிறு காலையே திரும்பி வந்துவிட்டன. ஒரு நிமிடம் பெருமையாக இருந்தது. பிறகு புரட்டிப் பார்த்தேன். ஒரே நீலப் பேனை, ஒரே சாய்ந்த எழுத்து. நோய் ஏதும் உண்டா? இல்லை. நீந்தத் தெரியுமா? தெரியும். பன்னிரண்டு பேருக்கும் இதேதான்.

ஹட்டனுக்குக் கீழே நீர்த்தேக்கத்தில், தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்காகத் துடுப்புப் படகுக் கழகம் ஒன்று நடத்துகிறோம். படகைப் பயிற்சியாளர் பார்த்துக்கொள்வார். பிள்ளைகளின் பாதுகாப்பும் நலனும் என் பொறுப்பு. இரண்டு நாள் பயிலரங்கு முடித்துச் சான்றிதழ் வாங்கிய சூடு ஆறாத நேரம் அது. படிவத்தை நானே மூன்று முறை திருத்தி எழுதியிருந்தேன்.

நேரே தோட்டத் தலைவர் வீட்டுக்கு ஏறினேன். தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் யாருக்கு எந்தக் கடதாசி வந்தாலும் அவர்தான் நிரப்பிக் கொடுப்பார்.

"தலைவரே, இது பெத்தவங்க நிரப்ப வேண்டியது."

"பாவம், அதுங்களுக்கு எங்க புள்ள நேரம்? ஒரு எழுத்துப் பிழை இருந்தா காட்டு பாப்போம்."

"முழங்காலுக்கு மேல தண்ணியில எறங்காத புள்ளைங்களுக்கு நீந்தத் தெரியும்னு போட்டிருக்கீங்க."

"தெரியாதுன்னு போட்டா படகுல விடுவாங்களா? இருபது வருசமா ஃபோம் நிரப்புறேன். நோய் இருக்கா, கேஸ் இருக்கா, எதைக் கேட்டாலும் இல்லன்னு போட்டாத்தான் நம்ம ஆளுக்கு வேலை நடக்கும். படிச்ச புள்ள, இது தெரியாதா ஒனக்கு?"

 எனக்குக் கோபம்தான் வந்தது.

அன்றே படகுகளைக் கரையில் நிறுத்தினேன். அடுத்த ஞாயிறு பிள்ளைகளை உட்கார வைத்துப் பேசினேன். எதுவானாலும் என்னிடம் சொல்லலாம், யாரும் திட்ட மாட்டார்கள் என்றேன். எல்லோரும் எழுந்து போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். பதினாலு வயது. துடுப்புப் போடுவதில் அவளை மிஞ்ச எங்களிடம் ஆள் இல்லை.

"மிஸ், எனக்கு வலிப்பு வரும். தீபாவளிக்கு முன்ன கூட வந்துச்சு. வெளிய சொல்லக் கூடாதுன்னு அம்மா சொன்னாங்க."

மற்றவர்களுக்கு நீச்சல் பழக்கிப் படகில் ஏற்றினோம். அவளை ஏற்றவில்லை.

"படகுப் போட்டிக்கு மூணு கெழமதான் இருக்கு. ஜாக்கெட் போட்டுத்தானே போறா," என்றார் பயிற்சியாளர். நினைவு தப்பித் தண்ணீரில் குப்புற விழுகிறவளுக்கு ஜாக்கெட் என்ன செய்யும் என்று கேட்டேன். அவர் விசிலைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சொன்னதுதான் குத்தியது. "சொல்லச் சொன்னீங்க, சொன்னேன். இப்ப எல்லாரும் போறாங்க, நான் மட்டும் கரையில. தலைவர் எழுதுனதே சரி."

கொழுந்து நிறுக்கும் மடுவக் கொட்டகையில் அவள் அம்மாவைப் பிடித்தேன். "நாலு பேருக்குத் தெரிஞ்சா நாளைக்கு இவளை யாரு கட்டுவா, மிஸ்?"

"அதுக்காக இன்னைக்குத் தண்ணியில விடுறதா?"

கூடையைக் கீழே இறக்கி வைத்துவிட்டு, கிளினிக்குக்கு வரச் சம்மதித்தார். மாத்திரை கொடுத்த டாக்டர், தான் கடிதம் தரும் வரை படகு கூடாது என்றார். உடனே கழகக் கூட்டத்தில் அவள் பெயரை வெட்டப் பார்த்தார்கள். சொன்னவளுக்கே இந்தக் கதி என்றால் இனி எந்தப் பிள்ளை வாய் திறக்கும் என்று கத்தினேன். பெயர் தப்பியது. படகுக் கொட்டகையில் இருந்த துடுப்பு இழுத்துப் பழகும் பழைய இயந்திரத்தில் அவள் தனியாக இழுத்துக்கொண்டிருந்தாள். என்னோடு பேசவில்லை. போட்டியும் அவளில்லாமல் முடிந்தது.

பிறகு ஒரு ஞாயிறு, இயந்திரத்தை நிறுத்தாமலே சொன்னாள்: "மிஸ், மூணு நாளா மாத்திரை போடல."

"ஏன்?"

"முடிஞ்சிருச்சு. கிளினிக் அன்னைக்கு அம்மா மலைக்குக் கொழுந்து பறிக்கப் போயிட்டாங்க. போகலன்னா அன்னைக்குச் சம்பளம் இல்லையே."

"அப்பவே சொல்றதுக்கு என்ன?"

"இப்ப சொல்றேன்ல."

யாரைத் திட்டுவது? இறங்கச் சொன்னேன். ஞாயிறு கிளினிக் கிடையாது. ஆஸ்பத்திரியில்தான் கேட்க வேண்டும். லயத்துக்கு ஏறி அம்மாவையும் கூட்டிக்கொண்டு பஸ் பிடித்தேன். உடுப்புத் துவைக்க இருப்பது இந்த ஒரு நாள்தான் என்று டவுன் வரும்வரை அவர் என்னைத் திட்டிக்கொண்டே வந்தார். மகள் கிளினிக் கொப்பியை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னலுக்கு வெளியே பார்த்துச் சிரித்தாள்.