இன்ஷிராஹ் கலந்த வார்னிஷ்

எகிப்தின் டமியெட்டா ஊரில் கதவு செய்யும் எங்கள் ஆலையில், வாங்கி வரும் வார்னிஷைச் சோதித்துப் பார்ப்பவள் இன்ஷிராஹ். பதினோரு வருஷமாக அதே மேஜை. சரக்கு நல்லதா இல்லையா என்று மட்டும் சொல்ல வேண்டும். கலப்பது அவள் வேலையில்லை.

வார்னிஷ் பூசிய கதவு பெல்ட்டில் ஊர்ந்து புற ஊதா விளக்கின் கீழே போகும். ஒளி பட்டதும் மூலக்கூறுகள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு இறுக வேண்டும். அந்த வருஷத்துச் சரக்கு இறுகுவதற்கு அழுதது. நிமிஷத்துக்கு நாலு மீட்டருக்கு மேல் பெல்ட்டை ஓட்டினால் கதவில் விரல் ஒட்டியது. முதலாளி ஷிஹாத்தா ஹாஜியார் இன்னொரு விளக்கு வாங்கத் துணிந்துவிட்டார்.

"விளக்கு வேண்டாம் ஹாஜியாரே. குறை வெளிச்சத்துல இல்ல, மூலக்கூறோட அமைப்புல. நானே வேற வார்னிஷ் கலந்து பாக்குறேன்," என்றாள் இன்ஷிராஹ்.

மேஸ்திரி காபருக்குச் சிரிப்பு. "மூலக்கூறு உன்கிட்ட வந்து சொல்லுச்சாக்கும், டாக்டரம்மா?"

"உங்ககிட்டதான் மொதல்ல வந்துச்சு. நீங்க டீ குடிக்கப் போயிருந்தீங்க."

வாங்கிய சரக்கின் மூலக்கூறுக்குப் பக்கத்ததைப் பிடிக்க இரண்டு கை; முதலில் அவள் மூன்று கை உள்ள மூலக்கூறைப் போட்டாள். நொடியில் இறுகியது, மறுநாளே வறண்ட வயலாக வெடித்தது. காபர் அந்தக் கதவை வாசலில் சாய்த்து வைத்து வருகிறவர்களுக்கெல்லாம் காட்டினார். ஒரு வாரம் அவள் யாரோடும் உட்கார்ந்து சாப்பிடவில்லை.

பிறகு இரண்டு கைக்கே திரும்பினாள். இந்தத் தடவை கையை அப்படியே விட்டுவிட்டு நடு உடம்பை மாற்றினாள். பக்கத்து மூலக்கூறைத் தன்னிடம் இழுத்துக்கொள்ளும் ஒரு கண்ணி அந்தப் புது உடம்பில் இருந்தது.

"ஒளி வர்றதுக்கு முன்னாடியே தோளோட தோள் உரசி நிக்கும்," என்று என்னிடம் சொன்னாள். "நெருங்கி நிக்கிற கூட்டத்துல சேதி சட்டுனு பரவும்ல, அப்படித்தான்."

வியாழன் மதியம் பெல்ட்டை ஓட்டினோம். வேகத்தைக் கூட்டும் குமிழைக் காபரே பிடித்திருந்தார். ஆறு மீட்டர். ஒன்பது. பன்னிரண்டு. வெளியே வந்த கதவில் கட்டைவிரலை அழுத்தினார், தடம் விழவில்லை. சாவியால் கீறினார், கோடில்லை. பூசிய மெல்லிய பலகையை முழங்காலில் வைத்து வளைத்தார். வெடிக்கவில்லை.

"ஒத்துக்கிறேன்மா," என்றார் மெதுவாக.

"விளக்குக்காரனுக்கு வேண்டாம்னு சொல்லிடு. இனி கலக்குறதெல்லாம் இன்ஷிராஹ்தான்," என்றார் ஹாஜியார் என்னிடம்.

அவள் சூடு ஆறாத கதவின் மேல் உள்ளங்கை இரண்டையும் பரப்பி வைத்துக்கொண்டு, வாய்விட்டுச் சிரித்தாள். வருஷ முடிவுக்குள் ஊரில் இன்னும் மூன்று ஆலைகள் அவள் கலவையை வாங்கின.